கண்ணாடி வாளி

பூட்டுக்காரர் பூட்டு செய்கிறவர் இல்லை. பழுது பார்க்கிறவரும் இல்லை. தெருவுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் சிலர், திறக்காத பூட்டைத் தூக்கிக்கொண்டு அவர் பட்டறை வாசலுக்கு வந்து, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு திரும்பிப் போயிருக்கிறார்கள். அவர் தொழில் டைல். சுவரில் பதிக்கிற, படம் போட்ட டைல். எதைக் கண்டாலும் பூட்டி வைப்பார் என்பதால் வந்த பெயர் அது. சர்க்கரை டப்பாவைக்கூடப் பூட்டுகிற மனுஷன் என்று அவர் வீட்டுக்காரி சொல்லித் திரிவாள். அது பொய். ஒரே ஒரு தடவைதான் பூட்டினார்.

வீட்டை ஒட்டியே பட்டறை. முன்னறையில் மருமகள் மண்ணைப் பிசைந்து, அச்சில் அழுத்தி, டைல் வெட்டிக் காயப்போடுவாள். நடு அறையில் சூளை. அதையும் அவள்தான் பார்த்துக்கொள்வாள். மகன் லாரியோடு எந்நேரமும் வெளியூரில். பின்னறைதான் பூட்டுக்காரருடையது. அதன் சாவி கயிற்றில் கோத்து அவர் கழுத்தில் கிடக்கும், குளிக்கும்போதும் கிடக்கும். உள்ளே சுவரோரமாக மூடி போட்ட வாளிகள். வாளிகளில் கிளேஸ்.

கிளேஸ் என்பது டைலின் மேல் கண்ணாடி மாதிரி உருகிப் படிகிற பூச்சு. வாளியில் இருக்கும்போது அதன் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. சூளைக்குள் போய் வெந்து வெளியே வந்தால்தான் அது யார் என்று தெரியும். நீலமாக வரப்போவது வாளியில் இளஞ்சிவப்பாக இருக்கும். பழுப்பாக வரப்போவது செங்கல் பொடி கரைத்தது போலச் சிவந்திருக்கும். அடியில் உள்ள படத்தை அப்படியே காட்டுகிற கண்ணாடிப் பூச்சும், அடியில் என்ன இருந்தாலும் மூடிவிடுகிற கெட்டி வெள்ளையும், வாளியில் இரண்டும் ஒரே சுண்ணாம்புத் தண்ணீர்தான். பூட்டுக்காரர் விரலை விட்டு, கட்டை விரலால் தேய்த்துப் பார்த்து இது இன்னது என்று சொல்லிவிடுவார். மற்றவர்களுக்கு மூடியின் மேல் எழுதியிருப்பதுதான் கதி.

மூடியின் மேல் எழுதியிருந்தது அத்தனையும் பொய்.

முன்பு ஒரு வேலையாள் இருந்தான். பணிவு என்றால் அப்படி ஒரு பணிவு. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். அவன் நின்றுபோன கொஞ்ச நாளில், பூட்டுக்காரர் வருஷக்கணக்காகக் கலந்து கலந்து கண்டுபிடித்த பச்சை வேறொரு கடை வாசலில் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. அன்றைக்கு வந்து மூடிகளை எல்லாம் மாற்றிப் போட்டார். கண்ணாடி வாளிக்கு வெள்ளை என்று மூடி, வெள்ளை வாளிக்குக் கண்ணாடி என்று மூடி. நீலம், பச்சை, பழுப்பு எல்லாம் அப்படியே ஒன்றுக்கொன்று தடம் மாறின. இனி எவன் பூட்டை உடைத்து உள்ளே வந்தாலும் வந்த வழியே அழுதுகொண்டு போகட்டும் என்று நினைத்தார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரியிடமும் இல்லை, மருமகளிடமும் இல்லை. வேலைக்கு வேண்டிய நிறத்தைக் கிண்ணத்தில் ஊற்றி அவரே கொண்டுவந்து வைப்பார். வரைந்த டைலின் மேல் கண்ணாடி ஊற்றி மூடுகிற வேலையை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு அவரே செய்வார். ஒரு குறையும் வரவில்லை.

சம்பந்தி வந்து சேரும் வரைக்கும்.

சம்பந்தி என்றால் மருமகளின் அப்பா. போர்டு எழுதுகிறவர். ஏணி மேல் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஆளுயர எழுத்தைக் கோணாமல் இழுக்கிற கை. ஒருநாள் ஏணி மேலேயே தலை சுற்றிவிட்டது. விழவில்லை, ஆனால் இனி ஏணிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவி போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. வேறு ஊரில் தம்பி வீட்டில் ஒரு மூலையில் கிடந்தவரை மகள் போய்க் கூட்டி வந்தாள். ஒரு தோள் பையோடு வந்தார். பெட்டி தம்பி வீட்டிலேயே இருந்தது.

வந்த அன்றைக்கே சம்பந்தி எல்லாரையும் உட்கார வைத்து ஒரு விஷயத்தை வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டார். சும்மா உட்கார்ந்து சாப்பிட அவரால் முடியாது. இங்கே டைலில் படம் வரைகிற வேலை அவர் கைக்கு வந்தால் பெட்டியை எடுத்து வந்து இங்கேயே இருந்துகொள்வார். வராவிட்டால் தம்பி வீட்டு மூலை இருக்கிறது. யாரும் தடுக்கக் கூடாது. மருமகள் தலையை ஆட்டினாள். ஆனால் அன்று முழுக்க அவள் முகம் சரியாக இல்லை. தம்பி வீட்டு மூலை எப்படிப்பட்ட மூலை என்பதை அவள் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவள்.

பூட்டுக்காரருக்கு உள்ளூர எரிச்சல். பட்டறைக்குள் இன்னொரு ஜோடிக் கண்ணா என்று இருந்தது அவருக்கு.

முதல் வேலையே வம்பில் முடிந்தது. ஒரு சிவப்புப் பூ வரையட்டும் என்று மருமகள் சொன்னாள். பூட்டுக்காரர் கிண்ணங்களைக் கொண்டுவந்து வைத்தார். சம்பந்தியின் கை நேராகச் செங்கல் நிறக் கிண்ணத்துக்குப் போனது. அது பழுப்பாக வரும், சிவப்புக்கு அந்த அழுக்குச் சாம்பல் கிண்ணத்தை எடுங்கள் என்று பூட்டுக்காரர் சொன்னார். சம்பந்தி நம்பவில்லை. காலம் முழுக்கச் சிவப்பு எழுதின கைக்குச் சிவப்பு எது என்று தெரியாதா என்றார்.

“நான் செவப்பு வெச்சா செவப்பு சம்பந்தி. மழை பெஞ்சாலும் செவப்பு, வெயிலடிச்சாலும் செவப்பு. ராத்திரியோட ராத்திரியா வேற ஆளா மாறாது.”

சூளை திறந்தபோது பூ மாட்டுச் சாண நிறத்தில் இருந்தது. சம்பந்தி அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னவோ ஏமாற்று வேலை நடந்திருக்கிறது என்கிற பார்வை. அந்தப் பார்வை பூட்டுக்காரருக்கு ரொம்பப் பழக்கமானது. கண்ணாடியில் தினமும் பார்ப்பதுதான். அங்கேதான் அவருக்கு சம்பந்தியை முதல் தடவையாகக் கொஞ்சம் பிடித்தது.

அடுத்தது ஒரு கொக்கு. இந்தத் தடவை நிறத்தில் தப்பில்லை, பேச்சைக் கேட்டார். ஆனால் போர்டு எழுதுகிற பழக்கத்தில் கழுத்தை மேலே மேலே பூசி மொத்தமாக்கிவிட்டார். போதும், தடிப்பாகப் பூசினால் ஓடிவிடும் என்று சொன்னதற்கு, ஓட இது என்ன குதிரையா என்று பதில் வந்தது. சூளைக்குள் கொக்கின் கழுத்து உருகி, டைல் முழுக்க வழிந்து, அடியில் போய்ச் சொட்டி உறைந்திருந்தது. தலை மட்டும் எப்படியோ மேலேயே தங்கிவிட்டது. வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டு, பாவம் எவ்வளவு நேரம் தண்ணிக்குள்ள தேடுச்சோ என்றாள். சம்பந்தியும் சிரித்தார். ஆனால் ராத்திரி மகளைக் கூப்பிட்டு, தீக்கு என் கை பிடிக்கவில்லை போல, இன்னும் ஒரே ஒரு தடவை பார்க்கிறேன் என்று சொன்னார். பூட்டுக்காரர் காதிலும் அது விழுந்தது. விழட்டும் என்றேதான் சம்பந்தி சத்தமாகச் சொன்னாரோ என்னவோ.

அந்த ஒரு தடவைக்கு ஏற்ற மாதிரி பெரிய வேலை ஒன்று வந்தது. புதிதாகக் கண் ஆஸ்பத்திரி கட்டுகிற டாக்டரம்மா ஒருவர் வந்தார். ஆபரேஷன் முடிந்து கட்டைப் பிரித்ததும் நோயாளியின் கண்ணில் முதலில் படுவது மருந்துப் பாட்டிலும் நர்ஸ் முகமுமாக இருக்கக் கூடாது, எதிர்ச் சுவரில் ஒரு நல்ல காட்சி இருக்க வேண்டும் என்றார். சுவர் நிறைய டைல். ஒரு குளம், நாணல், கொக்குகள், எழும்புகிற சூரியன்.

சம்பந்தி வரைய ஆரம்பித்தார். டைல்களைத் தரையில் சேர்த்துப் பரப்பி, நடுவில் பலகை போட்டு, அதன் மேல் குப்புறப் படுத்துக்கொண்டு வரைந்தார். ஒருமுறை சுட்ட டைல் தண்ணீரைக் கண்டால் விடாது, பிரஷ் தொட்ட இடத்திலேயே உறிஞ்சிவிடும்; ஒரு நொடி தயங்கினால் கறை. அழிக்கவும் வழியில்லை. ஆனால் தயங்காத கை அது. ஆளுயர எழுத்தை ஒரே இழுப்பில் இழுத்த கை, நாணலை ஒரே இழுப்பில் இழுத்தது. தண்ணீருக்கு இளஞ்சிவப்பைத் தொட்டு, இது நீலம், இது நீலம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வரைந்தார். கேட்க வேடிக்கையாக இருந்தது.

பூட்டுக்காரர் கிண்ணம் வைக்கிற சாக்கில் அடிக்கடி வந்து நின்றார். கொக்குகள் ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டிக்கொண்டு, பேச்சுவார்த்தை இல்லாத உறவுக்காரர்கள் மாதிரி நின்றன. ஓரத்தில் ஒன்று மட்டும் தலையைத் திருப்பி மற்றவர்களைப் பார்த்தது. அந்தக் கழுத்துத் திருப்பத்தில் ஒரு சின்ன வெட்கம் இருந்தது. டைலில் இப்படி ஒன்றை அவர் பார்த்ததில்லை. வாயைத் திறந்து சொல்லத்தான் மனசு வரவில்லை. காரம் கூடிப் போச்சா, மழை வருமா, அந்த நாணல் கோணலா என்று இரண்டு பேருக்கும் நாளெல்லாம் வாக்குவாதம். வீட்டில் தன்னோடு சண்டை போட ஒரு ஆள் கிடைத்திருக்கிறான் என்பதும், அந்த ஆள் போய்விட்டால் பட்டறை முன்னைப் போலவே ஆகிவிடும் என்பதும் பூட்டுக்காரருக்கு மெதுவாக உறைத்தது. முன்னைப் போல் ஆவதில் இப்போது அவருக்கு விருப்பமில்லை.

படம் முடிகிற சமயத்தில்தான் அவருக்கு இடுப்பில் கத்தியால் குத்தினது போல வலி வந்தது. சிறுநீரகத்தில் கல். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும்போது கழுத்தில் இருப்பதைக் கழற்றச் சொன்னார்கள். முடியாது என்றார். நர்ஸ் அவர் பேச்சைக் காதிலேயே வாங்காமல் கழற்றி மருமகள் கையில் கொடுத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் மனுஷனுக்கு என்ன மரியாதை இருக்கிறது.

மறுநாள் மருமகள் பார்க்க வந்தாள். படம் முடிந்துவிட்டது, டாக்டரம்மா திறப்பு விழாவுக்கு அவசரப்படுத்துகிறார், அப்பாவும் நானுமே மேலே ஊற்றிச் சூளையில் வைத்துவிடலாமா என்று கேட்டாள். கண்ணாடி என்று எழுதின வாளிதானே, தண்ணீர் சேர்க்க வேண்டுமா?

பூட்டுக்காரர் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்து அடுத்த கட்டிலில் கிடந்தவன் இந்தப் பக்கம் புரண்டு படுத்தான். கண்ணை அகலத் திறந்து அவரையே பார்த்தான். யார் கண்டது, எந்தக் கடைக்காரனுக்கு மாமனோ மச்சானோ.

“நான் வந்து பாத்துக்கறேன்,” என்றார் பூட்டுக்காரர்.

அவர் சொன்னதன் அர்த்தம் நான் வரும் வரை தொடாதே என்பது. அவளோ, நீங்கள் ஊற்றுங்கள், குறை இருந்தால் நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த கட்டில்காரனுக்கு இரண்டு காதும் சுத்தமாகக் கேட்காது என்பது சாயங்காலம் அவன் மனைவி வந்து கத்திப் பேசியபோதுதான் தெரிந்தது.

கல்லை எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே சூடு முகத்தில் அடித்தது. சூளை எரிந்துகொண்டிருந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்னறைக்குப் போனார். கண்ணாடி என்று எழுதின மூடியைத் தூக்கினார். வாளியில் பாதிக்கு மேல் இல்லை. பக்கத்தில் இருந்த வாளி தொடாமல் அப்படியே இருந்தது.

விரலை விட்டுத் தேய்த்தும் பார்த்தார். சந்தேகமே இல்லை. உள்ளே வெந்துகொண்டிருப்பது அவருடைய கெட்டி வெள்ளை. அடியில் என்ன இருந்தாலும் மூடிவிடும் என்று அவரே பெருமையாகச் சொல்லி விற்கிற வெள்ளை.

எரிகிற சூளையைத் திறக்க முடியாது. திறந்தால் டைல் எல்லாம் படபடவென்று வெடித்துவிடும். எரிந்து, அணைந்து, தானாக ஆறுகிற வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான். சம்பந்தி சூளைக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பூட்டுக்காரரைப் பார்த்ததும் எழுந்து, அந்த நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு, தலைகீழாகக் கவிழ்த்த ஒரு வாளியின் மேல் தான் உட்கார்ந்துகொண்டார். இந்தத் தடவை ஒரு சொட்டு ஓடாது, பால் ஊற்றுகிற மாதிரி ஒரே சீராக ஊற்றினேன் என்றார். ஊற்றி முடித்ததும் படமே கண்ணுக்குத் தெரியாமல் போனபோது பகீரென்றது, பிறகு மகள்தான் அது அப்படித்தான் இருக்கும், வெந்தால் கண்ணாடியாகிவிடும் என்று தைரியம் சொன்னாள் என்றார்.

“எங்க தொழில்ல எழுதினதை எழுதினப்பவே பாத்துருவோம். நீங்க எல்லாம் மூடிட்டு நம்பிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. பெரிய மனசுதான் சம்பந்தி உங்களுக்கு.”

பூட்டுக்காரர் சூளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது சொல்லிவிடலாம் என்று தோன்றியது. சொல்லி என்ன ஆகப்போகிறது என்றும் தோன்றியது. இந்தத் தொழிலில் ஒரு வசதி உண்டு. எது கெட்டாலும் தீயின் மேல் பழியைப் போட்டுவிடலாம். தீ என்ன செய்யும் என்று யார் சொல்ல முடியும் என்று கையை விரித்தால் கேட்கிறவன் வாயை மூடிக்கொள்வான். வாழ்நாளெல்லாம் வாடிக்கையாளர்களிடம் அதைச் சொல்லித்தான் தப்பித்திருக்கிறார். அன்றைக்கும் கையை விரிக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்.

சூளை ஆறியது. மருமகள் கதவைத் திறந்து முதல் டைலை எடுத்தாள். வெள்ளை. இரண்டாவதையும் எடுத்தாள். வெள்ளை. எல்லாவற்றையும் எடுத்துத் தரையில் பரப்பினார்கள். சூரியன் இல்லை, நாணல் இல்லை, கொக்குகள் இல்லை. கோபால்ட் நீலம் மட்டும் முரட்டுச் சரக்கு, எந்த மூடியையும் கொஞ்சம் முட்டிக்கொண்டு வரும். அதனால் தண்ணீர் இருந்த இடத்தில் கலங்கலாக ஒரு நீலம் தெரிந்தது. கொக்குகளின் கால்களிலும் நீலம் கலந்திருந்ததால் கால்கள் மட்டும் தெரிந்தன. உடம்பில்லாத கால்கள், ஜோடி ஜோடியாக, பால் மாதிரி ஒரு மூட்டத்துக்குள் நின்றன.

டாக்டரம்மாவே நேரில் வந்து பார்த்தார். நல்ல மனுஷி, முகத்தைச் சுளிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“எங்கிட்ட வர்றவங்க கண்ணு தெரியலைன்னுதான் வர்றாங்க. கட்டைப் பிரிச்சதும் இதைக் காட்டினா, ஆபரேஷன் கெட்டுப்போச்சுன்னு என்னை அடிக்க வந்துருவாங்களே.”

திறப்பு விழாவுக்கு வேறு எதையாவது மாட்டிக்கொள்கிறேன், நிதானமாக மறுபடி செய்து கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஆக, வேலை கைவிட்டுப் போகவில்லை. ஆனால் சம்பந்தி அந்த டைல்களுக்குப் பக்கத்தில் குந்தியபடி, தன் கொக்குக் கால்களை விரலால் தடவிக்கொண்டே, தீக்கு என் கை பிடிக்கவில்லை என்று மெதுவாகச் சொன்னார். சாதாரணமாக, மழை விட்டுவிட்டது என்கிற மாதிரி சொன்னார்.

காலையில் பையைக் கட்டி வாசல் பக்கம் வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார். எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். மருமகள் அழவில்லை. சூடு அதிகமாகிவிட்டது, நான்தான் கவனிக்கவில்லை, அதில்தான் எல்லாம் வெளுத்துவிட்டது என்றாள். சம்பந்தி அவளை மேலே பேச விடவில்லை. அவள் மேல் ஒரு தப்பும் இல்லை, தான் கெட்டியாக ஊற்றிவிட்டதாகச் சொன்னார். உடனே வீட்டுக்காரி, நான்தான் இவர் வருவதற்குள் முடித்து அசத்திவிடலாம் என்று இரண்டு பேரையும் விரட்டினேன் என்றாள். ஹோட்டலில் பில்லுக்கு அடித்துக்கொள்கிறவர்கள் மாதிரி மூன்று பேரும் தப்பைத் தங்கள் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். பூட்டுக்காரர் வாயில் வைத்ததை மென்றுகொண்டே இருந்தார்.

“அது கண்ணாடி இல்ல,” என்றார். “வெள்ளை.”

மூன்று பேரும் திரும்பினார்கள்.

“மூடி எல்லாம் மாத்திப் போட்டிருக்கு. நான்தான் போட்டேன். களவு போயிருச்சுல்ல, அப்ப.”

வீட்டுக்காரி எதையோ கிண்டலாகச் சொல்ல வாயெடுத்து, மருமகளின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

“எங்கிட்டயுமா மாமா?” என்றாள் மருமகள்.

வேறு ஒன்றும் கேட்கவில்லை அவள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சூளைச் சூட்டில் முகம் கருகிக்கொண்டிருக்கிறவள். ஆஸ்பத்திரியில் அவர் கக்கியதைக் கையில் ஏந்தியவள். ஆமாம் என்பதுதான் பதில். பூட்டுக்காரர் தட்டைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

சம்பந்தி கையைக் கழுவினார். பையை எடுத்துத் தோளில் மாட்டினார். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

போங்க, போய்ப் பேசுங்க, இதுக்கும் நான்தான் வரணுமா என்றாள் வீட்டுக்காரி. பூட்டுக்காரர் அகப்பட்ட செருப்பில் காலை நுழைத்துக்கொண்டு ஓடினார். ஓட்டம் என்று சொல்ல முடியாது. இடுப்பில் தையல் இழுத்தது. ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தார்.

பஸ் நிறுத்தத்தில் ஐந்தாறு பேர் நின்றார்கள். சம்பந்தி ஓரமாகப் பையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு நின்றார். பூட்டுக்காரரைப் பார்த்தார், பிறகு குனிந்து அவர் காலைப் பார்த்தார்.

“ஒண்ணு சம்பந்தியம்மாவோடது,” என்றார்.

பூட்டுக்காரரும் குனிந்து பார்த்தார். ஆமாம், ஒன்றில் பூ போட்டிருந்தது.

“சூளைக்கு முன்னாடி எம்பக்கத்துலயே உக்காந்திருந்தீங்க,” என்றார் சம்பந்தி.

“ஆமா.”

“தெரிஞ்சே உக்காந்திருந்தீங்க.”

“ஆமா.”

“பெரிய மனசுன்னு சொன்னேன் உங்களை. வாயைத் தெறக்கல.” அவர் குரல் உயரவில்லை. “நான் அங்க போய் அந்த மூலையில கெடந்து, சாகற வரைக்கும் தீக்கு எங்கை பிடிக்கலைன்னு நெனச்சுக்கிட்டே கெடந்திருப்பேன்.”

ரோட்டுத் திருப்பத்தில் பஸ் வருகிறதா என்று இருவருமே பார்த்தார்கள். வரவில்லை. சம்பந்தி திடீரென்று திரும்பினார். அவர் முகத்தில் புதிதாக ஒன்று எட்டிப் பார்த்தது.

“அப்ப அந்த செவப்புப் பூ? அதுவும் இந்த மூடி வேலைதானா?”

ஆமாம் என்று சொன்னால் போதும். அந்தச் சாண நிறப் பூவையும் தன் தலையில் போட்டுக்கொண்டால் சம்பந்தி பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார். அவர் முகத்திலேயே தெரிந்தது. பூட்டுக்காரர் அதை யோசித்தும் பார்த்தார்.

“இல்ல,” என்றார். “அது நீங்க.”

“கொக்குக் கழுத்து?”

“அதுவும் நீங்கதான். கிண்ணத்துல ஊத்திக் குடுத்தது நானு. சரியாத்தான் குடுத்தேன். ஓடும் ஓடும்னு தலையால அடிச்சுக்கிட்டேன். குதிரையான்னு கேட்டீங்க.”

சம்பந்தி அவரை உற்றுப் பார்த்தார். போர்டில் ஒரு எழுத்தை எழுதிவிட்டுப் பின்னால் தள்ளி நின்று கோணலா என்று பார்க்கிற பார்வை.

“அப்ப இந்தக் கடைசி ஒண்ணு மட்டும்தான் உங்களுது.”

“அது மட்டும்தான். அதுல உங்க பக்கம் ஒரு தப்பும் இல்ல. அந்த ஓரத்துல ஒண்ணு திரும்பிப் பாக்குமே...” பூட்டுக்காரருக்கு அதற்கு மேல் வார்த்தை கிடைக்கவில்லை. பாராட்டிப் பழக்கமில்லாத வாய். “நல்லா இருந்துச்சு,” என்று முடித்தார், கடன்காரனுக்குப் பதில் சொல்கிற மாதிரி.

பஸ் வந்து நின்றது. நின்றவர்கள் முண்டியடித்து முன்னால் போனார்கள். சம்பந்தி பையின் காதைப் பிடித்தார், தூக்கவில்லை. இனி என்ன சொல்லி நிறுத்துவது என்று பூட்டுக்காரருக்குத் தெரியவில்லை. இருங்கள் என்று சொல்ல அவருக்கு வராது. எஞ்சின் சத்தத்தை மீறிக் கேட்கட்டும் என்று தொண்டையைத் திறந்து ஆரம்பித்தார்.

“கண்ணாடின்னு எழுதினது வெள்ளை. வெள்ளைன்னு எழுதினது கண்ணாடி. நீலம்னு எழுதினதுல பழுப்பு இருக்கு. பழுப்புன்னு எழுதினதுல...”

ஏறிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் படியிலேயே நின்றுவிட்டாள். குடை வைத்திருந்த ஒருவன் நன்றாகக் கேட்க வேண்டும் என்று இரண்டடி கிட்டே வந்தான்.

சம்பந்தி எட்டி அவர் கையைப் பிடித்தார்.

“மெதுவா சொல்லுங்க சம்பந்தி. ஆளுங்க நிக்கறாங்க.”

கண்டக்டர், பெரியவரே ஏறுறீங்களா இல்லையா என்று கத்தினான். சம்பந்தி திரும்பாமலே புறங்கையால் போ போ என்று ஆட்டினார். குடைக்காரனை ஒரு முறை முறைத்தார். அவன் நகர்ந்த பிறகு பூட்டுக்காரரை நிழற்குடைக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், தன் காதை அவர் வாயருகே கொண்டுவந்தார்.

“சரி,” என்றார், குரலைத் தாழ்த்தி. “பழுப்புன்னு எழுதினதுல?”